டெண்டர் என்றால் நீட்டுவது

டெண்டர் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரோடு போட, ஏரி தூர்வார, பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்க, எதற்கும் டெண்டர் உண்டு. அது யாருக்குப் போனது, எப்படிப் போனது என்று ஊருக்கு ஊர் ஒரு கதையும் உண்டு. ஆனால் இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகப் பார்க்கும்போது பலருக்குக் குழப்பம் வருகிறது. பதவி விலகுபவர் ராஜினாமாவை ‘டெண்டர்’ செய்கிறார். நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் சிக்கியவர் மன்னிப்பை ‘டெண்டர்’ செய்கிறார். சரியான சில்லறையை ‘டெண்டர்’ செய்யுங்கள் என்று டிக்கெட் கவுன்ட்டரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ரூபாய் நோட்டு ‘லீகல் டெண்டர்’. இதற்கு நடுவில் இளநீர்க்காரர் வேறு ‘டெண்டர் கோகனட்’ என்று போர்டு வைத்திருக்கிறார்.

இளநீரைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம், அது வேறு குடும்பம். மற்றவை எல்லாம் ஒரே சொல்தான். முறைப்படி ஒன்றை முன்வைத்து, ‘இந்தா, ஏற்றுக்கொள்’ என்று நீட்டுவது. ‘ஆஃபர்’ செய்வதன் சம்பிரதாயமான வடிவம் என்று அகராதிகள் சொல்லும். அது சரிதான், ஆனால் போதாது. ஏன் போதாது என்பது சொல்லின் பிறப்பைப் பார்த்தால் தெரியும்.

லத்தீனில் ‘டெண்டெரே’ என்றொரு வினை. நீட்டு, இழுத்து விறைப்பாக்கு, முன்னே பிடி என்று பொருள். வில் நாணை இழுப்பதும் டெண்டெரே, கையை முன்னே நீட்டுவதும் டெண்டெரே. அது பிரெஞ்சில் ‘தாந்த்ர்’ ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் கையை நீட்டுவதற்கு அதைத்தான் சொல்கிறார்கள். தமிழருக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம், ஏனென்றால் நம்முடைய ‘நீட்டு’ம் இதே இரட்டை வேலையைச் செய்கிறது. காலை நீட்டினான் என்றால் உடம்பை நீளமாக்கினான். காசை நீட்டினான் என்றால் எதிரில் இருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று முன்னே பிடித்தான். டெண்டர் என்பது இந்த இரண்டாவது நீட்டல்.

டெண்டெரேயின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஏராளம். இழுத்துக் கட்டிய துணி ‘டென்ட்’. விறைப்பு ‘டென்ஷன்’. வெளியே நீட்டினால் ‘எக்ஸ்டெண்ட்’, ஒன்றை நோக்கி மனதை நீட்டினால் ‘அட்டெண்ட்’. ஒரு சாக்குப்போக்கை முகத்துக்கு முன்னால் பிடித்தால் ‘ப்ரிடெண்ட்’. இன்னும் பின்னே போனால், மொழியியலாளர்கள் இதற்கெல்லாம் ‘தென்’ என்று ஒரு பழைய வேரைச் சொல்கிறார்கள். சமஸ்கிருதத்தின் ‘தன்’, அதாவது விரி, நீட்டு என்ற வினைவேரும் அதே கிளைதான். அங்கிருந்து வந்த ‘தந்த்ரீ’ என்ற சொல்தான் தமிழில் தந்தி. வீணைத் தந்தியும் டெண்டர் அறிவிப்பும் எட்டாத தூரத்தில் உறவு.

இப்போது ஒரு விசித்திரம். ‘எக்ஸ்டெண்ட்’, ‘அட்டெண்ட்’, ‘ப்ரிடெண்ட்’ ஆகிய மூன்றுமே ‘டெண்ட்’ என்று முடிகின்றன. இது மட்டும் ஏன் ‘டெண்டர்’ என்று வால் வைத்துக்கொண்டிருக்கிறது? ஆங்கிலத்தில் ‘அர்’ என்று முடிந்தால் செய்பவரைக் குறிக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். டீச்சர் கற்பிப்பவர், டிரைவர் ஓட்டுபவர். டெண்டர் யார்? யாருமில்லை. அந்த ‘அர்’ பிரெஞ்சு வினைச்சொல்லின் இறுதி ஒட்டு. ‘செய்ய’, ‘நீட்ட’ என்பது போன்ற வடிவம்.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மேல்தட்டின் பேச்சும் பின்னர் நீதிமன்றத்தின் பேச்சும் பிரெஞ்சாயிற்று. வழக்காட வந்த சாமானியனுக்கு வக்கீல் என்ன பேசுகிறார் என்றே புரியாத நிலை. 1362-ல் மூன்றாம் எட்வர்ட் காலத்தில், வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பது தனி வேடிக்கை. வக்கீல்கள் விடுவார்களா? குறிப்புகளையும் தீர்ப்புத் தொகுப்புகளையும் பிரெஞ்சிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள். வரவர அது பிரெஞ்சுக்காரனுக்கே புரியாத ஒரு கலப்பட மொழி ஆனது. ‘சட்டப் பிரெஞ்சு’ என்று அதற்குப் பெயர். 1730-ல் இன்னொரு சட்டம் போட்டு, 1733 முதல்தான் நீதிமன்ற ஆவணங்கள் முழுக்க ஆங்கிலத்துக்கு வந்தன.

அந்தச் சட்டப் பிரெஞ்சில் வினைச்சொல்லை அப்படியே தூக்கிப் பெயர்ச்சொல்லாக உட்கார வைப்பது வழக்கம். உரிமையைக் கைவிடுவது ‘வெய்வர்’. ஒன்றோடு ஒன்று கலப்பது ‘மெர்ஜர்’. ஒப்படைப்பது ‘சரண்டர்’. மிச்சம் ‘ரிமைண்டர்’. சாப்பாட்டு மேசையின் ‘டின்னர்’, ‘சப்பர்’ கூட இந்த அச்சில் வார்த்தவைதான். டெண்டரும் இந்த வரிசையில் வந்தது. 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, முறைப்படி முன்வைப்பது என்ற பொருளில் வினையாகவும் பெயராகவும் எழுத்தில் புழங்குகிறது.

சரி, இளநீருக்கு வருவோம். மென்மையான, இளசான என்ற பொருள் தரும் ‘டெண்டர்’ லத்தீன் ‘டெனெர்’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. பிரெஞ்சு வழியாக வரும்போது இரண்டும் ஒரே உச்சரிப்பில் வந்து முட்டிக்கொண்டன. தீயணைப்பு வண்டியை ‘ஃபயர் டெண்டர்’ என்பதும், நீராவி ரயில் என்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்துவந்த பெட்டியை ‘டெண்டர்’ என்றதும் மூன்றாவது சொல். ‘அட்டெண்ட்’ என்பதன் தலையை வெட்டினால் ‘டெண்ட்’, அதாவது கவனித்துக்கொள்வது. அதைச் செய்வது டெண்டர். மதுக்கடை ‘பார்டெண்டர்’ இந்த வகை. இங்கேதான் அந்த ‘அர்’ உண்மையாகவே செய்பவரைக் குறிக்கிறது.

இந்தக் குழப்பத்தை ஷேக்ஸ்பியர் 1600-ஐ ஒட்டி எழுதிய ஹாம்லெட் நாடகத்தில் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார். இளவரசர் தன் அன்பைப் பலமுறை ‘டெண்டர்’ செய்தார் என்று ஒஃபீலியா தந்தையிடம் சொல்கிறாள். அப்பா போலோனியஸ் அந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு மகளை வறுத்தெடுக்கிறார். அவன் நீட்டியதை நல்ல காசு என்று நம்பிவிட்டாயே, அது செல்லுபடியாகிற நாணயம் இல்லை என்கிறார். உன்னை நீயே இன்னும் மதிப்பாகப் பேணிக்கொள் என்கிறார். இல்லாவிட்டால் ஒரு முட்டாளை என் முன்னால் நிறுத்துவாய் என்கிறார். மூன்று இடத்திலும் அவர் போடுவது டெண்டர்தான். நீட்டிய கையில் இருப்பது உண்மையான பணமா என்ற கேள்வி, பின்னால் ‘லீகல் டெண்டர்’ என்ற தொடர் பரவலாவதற்கு வெகு முன்பே இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

நீட்டியவனைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

‘ஆஃபர்’ என்பது வாயளவிலும் இருக்கலாம். ‘உனக்கு 100 மூட்டை பஞ்சு தருகிறேன்’ என்று போனில் சொன்னாலும் ஆஃபர்தான். டெண்டர் அப்படியல்ல. பொருள் கையில் இருக்க வேண்டும், கை எதிராளி முன்னால் நீள வேண்டும்.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. அதில் சட்டமே தரும் உதாரணம் ஒன்று இருக்கிறது, படிக்க அழகானது. 1873 மார்ச் 1 அன்று குறிப்பிட்ட தரத்தில் 100 பேல் பஞ்சை இன்னாருடைய கிடங்கில் கொண்டுவந்து தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார். அவர் தன் கடமையை முறையாக முன்வைத்ததாக ஆக வேண்டுமானால், சொன்ன நாளில் சொன்ன கிடங்குக்குப் பஞ்சைக் கொண்டுவர வேண்டும். வாங்குபவர் அது பேசிய தரம்தானா, எண்ணிக்கை 100 இருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்படுவதற்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். ‘பஞ்சு ரெடியாக இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்’ என்று ஆள் அனுப்பினால் கணக்கில் சேராது. நிபந்தனை எதுவும் ஒட்டியிருக்கவும் கூடாது.

இப்படி முறையாக நீட்டியும் எதிராளி வாங்க மறுத்தால்? நீட்டியவர் மேல் தப்பில்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றவில்லை என்று அவரைப் பிடிக்க முடியாது, அவருடைய உரிமைகளும் போகாது. கை நீண்டதற்கே சட்டம் ஒரு மதிப்பு கொடுக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கடன் பணம் என்றால் கதை சற்று மாறும். கடன் கொடுத்தவர் வாங்க மறுத்ததால் கடன் அழிந்துவிடாது. ஆனால் அன்றைக்கே கொடுக்க வந்தேன் என்று கடன் வாங்கியவர் நிரூபித்தால், அதற்குப் பிறகான வட்டியை அவர் தலையில் கட்ட முடியாது. ஆங்கிலேயச் சட்டத்தில் இதற்கு ஒரு கறாரான விதியும் உண்டு. சரியான தொகையை நீட்ட வேண்டும். பெரிய நோட்டைக் கொடுத்து மீதிச் சில்லறை கேட்டால் அது முறையான டெண்டர் ஆகாது. டிக்கெட் கவுன்ட்டர் அறிவிப்பில் அந்த வினைச்சொல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்தில் 1843-ல் தீர்ப்பான ஸ்டார்ட்அப் எதிர் மெக்டொனால்ட். மார்ச் மாதத்தின் கடைசி 14 நாட்களுக்குள் 10 டன் ஆளிவிதை எண்ணெய் தர வேண்டும் என்பது பேச்சு. விற்றவர் கடைசி நாளில், மார்ச் 31 சனிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு எண்ணெயோடு போய் நின்றார். இந்நேரத்துக்கா வருவது என்று வாங்குபவர் திருப்பி அனுப்பிவிட்டார். நேரம் ஒழுங்கானதல்ல என்று ஜூரிகளும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நள்ளிரவுக்கு முன்னால் எண்ணெயை அளந்து, சோதித்து, உள்ளே வாங்கிவைக்க அவகாசம் இருந்தது. ஆகவே நீட்டியது நீட்டியதுதான், விற்றவருக்கு நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு. மார்ச் 31 ராத்திரி பில் தொகையைக் கட்ட அலையும் நம்மூர் ஆட்களுக்கு அந்த எண்ணெய் வியாபாரியின் மேல் நிச்சயம் பரிவு வரும்.

நீட்டினால் மறுக்க முடியாத பணம்

பஞ்சை நீட்டலாம், எண்ணெயை நீட்டலாம். கடனை அடைக்க எதை நீட்டினால் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல முடியாது? இதற்கான பதில்தான் ‘லீகல் டெண்டர்’. ‘சட்டப்படி செல்லும் பணம்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. காசோலை இந்த வகையில் வராது. வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தாலும் சரி, காசோலையை வேண்டாம் என்று சொல்லக் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு.

ஒரு டாலர் நோட்டைப் பார்த்தால், பொதுக்கடனோ தனிக்கடனோ எல்லாவற்றுக்கும் இது லீகல் டெண்டர் என்று அச்சடித்திருக்கும். சிங்கப்பூர் நோட்டிலும் இது லீகல் டெண்டர் என்ற வரி உண்டு. நம் ரூபாய் நோட்டில் அந்தச் சொல் கிடையாது, கவர்னரின் வாக்குறுதி மட்டும் இருக்கும். நம்முடைய நோட்டுக்கு அந்தத் தகுதியைத் தருவது 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு, அந்தத் தகுதியைப் பறிக்கும் அதிகாரத்தையும் மத்திய அரசுக்குத் தருகிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகளுக்கு நடந்தது அதுதான். காகிதம் அதே காகிதம், கையெழுத்தும் அதே கையெழுத்து. விடிந்தபோது அதை நீட்டினால் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் யாருக்கும் இல்லை.

2000 ரூபாய் நோட்டு விஷயத்தில் நடந்தது இது அல்ல. 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. ஆனால் லீகல் டெண்டர் தகுதி தொடரும் என்று அதே அறிவிப்பில் தெளிவாகச் சொன்னது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, ‘2000 செல்லாது’ என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்கள் இந்த ஒரு சொல்லைத்தான் கோட்டைவிட்டார்கள்.

நாணயத்துக்கு ஒரு வரம்பு உண்டு, இது பலருக்குத் தெரியாது. 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள காசுகள் 1,000 ரூபாய் வரைதான் லீகல் டெண்டர். 50 பைசா என்றால் 10 ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 10 ரூபாய் காசைக் கடைக்காரர்கள் பல வருடம் வாங்க மறுத்தார்களே, அது சட்டப்படி தப்பு. 14 வடிவங்களில் வந்த 10 ரூபாய் காசுகளும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவிக்க வேண்டியதாயிற்று. அதே சமயம், மூட்டை மூட்டையாக 10 ரூபாய் காசைக் கொண்டுபோய் ஒருவர் கார் வாங்க நின்றால், 1,000 ரூபாய்க்கு மேல் எண்ண மாட்டேன் என்று ஷோரூம்காரர் சொல்வதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. சேலத்தில் 2022-ல் அப்படி ஒருவர் காசு மூட்டைகளோடு போனபோது எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அது அவர்களுடைய பொறுமை.

பிரிட்டனில் இன்னும் வேடிக்கை. ஒரு பென்னி, இரண்டு பென்னி காசுகள் 20 பென்ஸ் வரைதான் லீகல் டெண்டர். பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் லீகல் டெண்டர். ஸ்காட்லாந்து வங்கிகள் அடிக்கும் நோட்டு எங்கேயுமே லீகல் டெண்டர் இல்லை, ஸ்காட்லாந்திலும் இல்லை. ஆனாலும் எடின்பரோவில் அதைக் கொடுத்து ரொட்டி வாங்கலாம், யாரும் கண்ணைச் சுருக்க மாட்டார்கள். கடையில் பொருள் வாங்கும்போது அந்த நிமிஷம் வரை கடன் என்று எதுவும் இல்லை. எந்தப் பணத்தை ஏற்பது என்று கடைக்காரரே முடிவுசெய்யலாம். அங்கே லீகல் டெண்டர் என்பது ஏற்கெனவே ஏற்பட்டுவிட்ட கடனை அடைக்கும் விஷயம்.

அமெரிக்காவில் இந்தச் சொல்லை வைத்து ஒரே மனிதர் இரண்டு பக்கமும் நின்றார். உள்நாட்டுப் போர்ச் செலவுக்குப் பணம் போதாமல், 1862-ல் காகித நோட்டுகளை லீகல் டெண்டர் ஆக்கிச் சட்டம் வந்தது. அப்போது நிதித்துறைச் செயலாளர் சால்மன் சேஸ். அந்த ஒரு டாலர் நோட்டில் இருந்ததே அவர் படம்தான். பிறகு அவர் தலைமை நீதிபதி ஆனார். 1870-ல், பழைய கடன்களுக்கு அந்த நோட்டை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பெழுதினார். அடுத்த வருடமே, இரண்டு புதிய நீதிபதிகள் வந்த பிறகு, நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. சேஸ் மாறுபட்ட பக்கத்தில் நின்றார்.

டெண்டரை விடுவது யார்?

நமக்கு மிகப் பழக்கமான டெண்டருக்கு வருவோம். ஆங்கிலத்தில் டெண்டர் செய்பவர் கான்ட்ராக்டர். இந்த வேலையை இந்த விலைக்கு முடித்துத் தருகிறேன் என்று எழுதி, கவரில் வைத்து நீட்டுவது அவர். அரசு செய்வது டெண்டரை வரவேற்பது. தமிழில் வழக்கு தலைகீழாகிவிட்டது. அரசு ‘டெண்டர் விடுகிறது’, கான்ட்ராக்டர் ‘டெண்டர் போடுகிறார்’, ஜெயித்தவர் ‘டெண்டர் எடுக்கிறார்’. நீட்டிய கையின் பெயர், எதை நோக்கி நீட்டினார்களோ அந்த வேலைக்கே போய்விட்டது. ஒப்பந்தப்புள்ளி என்ற அரசுத் தமிழ்ச் சொல்லில் மூலப்பொருள் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, ‘ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன’ என்றுதானே விளம்பரம் வருகிறது. இலங்கைத் தமிழில் கேள்விப்பத்திரம், விலைமனு என்பார்கள்.

இது வெறும் சொல் விளையாட்டல்ல. பேப்பரில் வரும் டெண்டர் விளம்பரம் சட்டப்படி ஆஃபர் கிடையாது, ஆஃபர் கொண்டுவாருங்கள் என்ற அழைப்பு மட்டும்தான். 1870-ல் இங்கிலாந்தில் ஒரு கடையின் சரக்கை மொத்தமாக விற்க டெண்டர் கேட்டுச் சுற்றறிக்கை விட்டார்கள். அதிக விலை கேட்டவருக்கு விற்கவில்லை. அவர் கோர்ட்டுக்குப் போனார். அதிக விலை கேட்டவருக்கே விற்போம் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கவில்லையே என்று கோர்ட் வழக்கைத் தள்ளியது. ஸ்பென்சர் எதிர் ஹார்டிங் என்ற அந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறார்கள். அரசு டெண்டர் என்றால் இப்படி இஷ்டத்துக்கு விட முடியாது. தமிழ்நாட்டில் இதற்காகவே 1998-ல், டெண்டர்களில் வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று தனிச் சட்டம் இருக்கிறது.

நீட்டியவர் கையை மடக்கிக்கொள்ளலாமா? ஏற்றுக்கொள்ளும் முன்பு என்றால் பொதுவாக மடக்கலாம். அதனால்தான் டெண்டரோடு இ.எம்.டி. என்று ஒரு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பின்வாங்கினால் அந்தப் பணம் போகும். டெண்டரைத் திரும்பப் பெற உரிமை இருந்தாலும் இ.எம்.டி.யைப் பிடித்துக்கொள்வது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003-ல் சொல்லியிருக்கிறது.

ராஜினாமாவிலும் இதே கேள்விதான். ராஜினாமா டெண்டர் செய்தார் என்றால் கடிதம் நீட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. எதிர்ப்பக்கம் வாங்கினால்தான் முடிவு. எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் சபாநாயகர் ஏற்க வேண்டும், அதுவும் தன்னிச்சையான, உண்மையான ராஜினாமாதானா என்று திருப்திப்பட வேண்டும் என்று 1974-ல் 33-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. 2019 ஜூலையில் கர்நாடகத்தில் கடிதம் கொடுத்தவர்கள் மும்பை ஓட்டலில் காத்துக்கிடந்ததற்கும், நாடே சபாநாயகரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கும் இந்த இடைவெளிதான் காரணம்.

உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இந்தத் தொல்லை இல்லை. குடியரசுத் தலைவருக்குக் கையெழுத்திட்டு எழுதினால் போதும், ஏற்பு தேவையில்லை. அப்படியானால் எழுதிய கையோடு பதவி போய்விடுமா? அலகாபாத் நீதிபதி சதீஷ் சந்திரா 1977 மே 7 அன்று, ஆகஸ்ட் 1 முதல் விலகுகிறேன் என்று கடிதம் எழுதினார். ஜூலை 15 அன்று மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றார். செல்லுமா செல்லாதா என்று வழக்கு. சொன்ன தேதி வரும் வரை ராஜினாமா முழுமை அடையவில்லை, திரும்பப் பெறலாம் என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

பங்குச் சந்தையிலும் ‘டெண்டர்’ உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியில் ஒருவர் கையிலுள்ள பங்கு 25 சதவீதத்தைத் தொட்டால், மற்ற பங்குதாரர்களிடமிருந்து குறைந்தது இன்னொரு 26 சதவீதம் வாங்க முன்வர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் 2011 விதி. அதற்கு ‘ஓப்பன் ஆஃபர்’ என்று பெயர். விலை சொல்வது அவர். பங்கை நீட்டுவது, அதாவது டெண்டர் செய்வது, பங்குதாரர்.

ஆங்கிலம் எழுதும்போது இந்த வினையை எங்கே போடலாம் என்பதற்கு ஒரு சோதனை: மறுத்தாலும் ஏற்றாலும் ஏதாவது விளைவு இருக்கிறதா? ராஜினாமா, மன்னிப்பு, பணம், சாட்சியம், பங்கு, விலைப்புள்ளி என்றால் போடலாம். விருந்தாளிக்கு காபியை ‘டெண்டர்’ செய்தேன் என்று எழுதினால் சிரிப்பார்கள், அங்கே ‘ஆஃபர்’ போதும். ஆலோசனை, கைக்குட்டை, நட்பு போன்றவற்றைக் கொஞ்சம் நாசூக்காக நீட்டுவதற்கு ‘ப்ராஃபர்’ என்று இன்னொரு சம்பிரதாய வினை உண்டு. அது ‘ஆஃபர்’ என்பதன் முன்னால் ‘முன்னே’ என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்த பழைய பிரெஞ்சு வார்ப்பு. ‘ஆஃபர்’ லத்தீனில் சுமந்து கொண்டுவருவது. நீட்டுவதும் சுமப்பதும் வேறு வேறு வேர்.

டெண்டரும் ப்ராஃபரும் குற்ற வழக்கில் எதிரெதிர்த் திசையில் வேலை செய்வதைப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகப் பிடிபடும். நம் நாட்டில் கூட்டுக் குற்றவாளிகளில் ஒருவர் ‘அப்ரூவர்’ ஆகிறார், அதாவது அரசுத் தரப்புச் சாட்சியாக மாறுகிறார் என்று செய்தி வரும். 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவுக்குத் தலைப்பே, கூட்டாளிக்கு மன்னிப்பை ‘டெண்டர்’ செய்வது என்பதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 343-ஆவது பிரிவு. தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் உண்மையாகச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு, நீதிமன்றம் மன்னிப்பை நீட்டுகிறது. நீட்டிய மாஜிஸ்திரேட் இரண்டு விஷயத்தை எழுதிவைக்க வேண்டும். ஏன் நீட்டினேன் என்பது ஒன்று. அந்த ஆள் அதை ஏற்றாரா இல்லையா என்பது மற்றொன்று. அமெரிக்காவில் இதற்கு முந்தைய கட்டத்துக்கு ‘ப்ராஃபர்’ என்கிறார்கள். அங்கே நீட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர். வக்கீலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்தது இன்னது என்று அரசு வழக்கறிஞரிடம் முதலில் சொல்லிக் காட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் இவருக்குச் சலுகை தரலாமா என்று எதிர்ப்பக்கம் யோசிக்கத் தொடங்கும்.